அச்சச் சுவையும் அதன் அறமும்

பேய்க் கதைகளைப் படித்து இன்புறுதல் பல்கலைக்கழகத்தாரின் சிந்தனைக்குரிய பொருளன்று என்னும் எண்ணம் நம்மிடையே வலுவாக உண்டு. விஞ்ஞானம் பயில்வோர் அதனை மூடநம்பிக்கையின் எச்சம் எனத் தள்ளுவர். கலைப் பீடத்தாருள், சிறப்பாக யதார்த்தவாதத்தையே இலக்கியத்தின் உரைகல்லாகக் கொண்டோர், அதனை நசிவிலக்கியம் என்பர். இரு சாராரும் விடுமுறை நாட்களில் அவற்றை விரும்பிப் படிப்பர் என்பது வேறு விடயம். இம்முரண்பாடு நகைப்புக்குரியது மாத்திரமன்று. நாம் நம்பாத ஒன்றுக்கு அஞ்சுவது எங்ஙனம், அஞ்சுவதைத் தேடிச் சென்று சுவைப்பது ஏன் என்பன மெய்யியலாளர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினாக்களாகும். அவற்றினும் கடினமானது ஒன்றுண்டு. கதைகளிலே பேயாக வருபவர் பெரும்பாலும் கொலையுண்டவர், அல்லது வஞ்சிக்கப்பட்டவர், அல்லது உரிய இறுதிக் கடன் பெறாதவர். அவருடைய துன்பத்தை மழைக்கால இரவொன்றின் பொழுதுபோக்காக்கிக் கொள்ள நமக்கு உரிமையுண்டோ என்பதே அவ்வினா. இக்கட்டுரை இறுதியில் அதனையே நோக்கிச் செல்கின்றது.

பேய்க் கதை கல்வியறிவற்றோருக்கே உரியது என்னும் கருத்தை முதலில் அகற்றிவிடலாம். ஆங்கிலத்திலே இவ்வகைக் கதைக்குச் செவ்விய வடிவம் தந்தவர்களுள் ஒருவரான எம். ஆர். ஜேம்ஸ், மத்தியகால ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்து பட்டியலிட்ட பேரறிஞர். கேம்பிறிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் தலைவராக 1905ஆம் ஆண்டு முதல் 1918ஆம் ஆண்டுவரை விளங்கியவர். 1893ஆம் ஆண்டு ஒக்டோபரில் அங்கிருந்த சிறு கழகமொன்றிலே தம் கதைகளை முதன்முதலாக வாசித்தார். பின்னர் நத்தார் காலந்தோறும், மெழுகுதிரிகளுள் ஒன்றை மாத்திரம் எரியவிட்டு, புதிய கதையொன்றை நண்பருக்கும் மாணவருக்கும் படித்துக் காட்டுவது வழக்கமாயிற்று. பேய் உண்டென அவர் நம்பினாரா எனின், சான்று கிடைப்பின் ஆராய ஆயத்தமாயுள்ளேன் என்னும் அளவிலேயே அவருடைய விடை அமைந்தது. 1904இல் வெளிவந்த அவருடைய முதற் கதைத் தொகுதிக்குப் படம் வரைந்தவர் இளம் நண்பரான ஜேம்ஸ் மக்பிரைட். அவர் நான்கு படங்களை வரைந்த நிலையில் அவ்வாண்டிலேயே காலமானார். அப்படங்களுடனேயே நூல் அச்சேறியது. இறந்தோர் மீளவருவதைப் பற்றிய அந்நூல் இறந்த நண்பருக்கான நினைவு மலராகவும் ஆனது. அந்நண்பருடைய மகளுக்காகவே பிற்காலத்தில், 1922இல், சிறுவருக்குரிய மாயக் கதை நூலொன்றையும் ஜேம்ஸ் எழுதினார்.

நம்பாததற்கு அஞ்சுவது எங்ஙனம் என்னும் முதல் வினாவுக்கு வருவோம். அவநம்பிக்கையை விரும்பியே ஒதுக்கிவைத்தல் என்று கோல்றிட்ஜ் 1817இல் கூறிய விளக்கம் இன்று எல்லா வகைப் புனைகதைக்கும் எடுத்தாளப்படுகின்றது. ஆயின், 1798இல் தாமும் வேட்ஸ்வேர்த்தும் சேர்ந்து வெளியிட்ட கவிதைத் தொகுதியில், இயற்கை கடந்த பொருள்களைப் பாடும் பணி தமக்கு ஒதுக்கப்பட்டதை விளக்குமிடத்தேதான் அவர் அதனைச் சொன்னார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அண்மைக்கால மெய்யியலார் இவ்விளக்கத்தோடு நிறைவடையவில்லை. இல்லாத ஒருவருக்காக இரங்குவது நம் உணர்ச்சி வாழ்வில் உள்ள ஓர் ஒவ்வாமையே என்று கொலின் ராட்போர்ட் 1975இல் வாதித்தார். திரைப்படத்துப் பூதத்தைக் கண்டு நடுங்குபவன் உண்மையில் அஞ்சவில்லை. அஞ்சும் விளையாட்டொன்றை ஆடுகிறான் என்று கென்டல் வோல்ற்றன் 1978இல் எழுதினார். நடுங்குபவனிடம் சென்று, நீ உண்மையில் நடுங்கவில்லை என்று கூறும் கொள்கையில் ஏதோ ஒன்று குறைகின்றது என்றே எனக்குப் படுகின்றது.

நம் மரபிலே இவ்விடயம் வேறு திசையிலிருந்து அணுகப்பட்டது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கின் வழியாகப் பிறக்குமென வகுக்கின்றது. அணங்கும் அரசனும் ஒரே வரிசையில் நிற்பது கவனத்திற்குரியது. பேய்க்கு அஞ்சுவதும் அதிகாரத்துக்கு அஞ்சுவதும் ஒரே மெய்ப்பாட்டின் இரு முகங்களாகவே அந்நூலாசிரியருக்குத் தோன்றின போலும். வடமொழி மரபிலே பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு உரைகண்ட அபிநவகுப்தர், அச்சச் சுவையை விளக்கக் காளிதாசரின் சாகுந்தலத்திலே துஷ்யந்தனின் அம்புக்கு அஞ்சி ஓடும் மானை எடுத்துக்காட்டினார். அதனைக் காணும் சுவைஞனுக்கு, 'நான் அஞ்சுகிறேன்' என்னும் உணர்வும் இல்லை. 'இந்த மான் அஞ்சுகின்றது, எனக்கென்ன' என்னும் உணர்வும் இல்லை. இடம், காலம், ஆள் என்னும் வரம்புகளினின்று விடுபட்ட அச்சமொன்றே அவனுள்ளத்தை நிறைக்கின்றது. அச்சம் பொய்யன்று, எவருக்கும் தனியுடைமையாகாத அச்சம் அது. தன்னலத்தினின்று கழன்றமையாலேயே அது சுவையாகின்றது. வோல்ற்றனின் விளக்கத்தினும் இது மேலானது என்பேன். அஞ்சுபவனின் அனுபவத்தை இது மறுப்பதில்லை.

எனினும், தமிழ் உரையாசிரியராகிய பேராசிரியர் இதற்கு நேர்மாறான கருத்தொன்றை மெய்ப்பாட்டியல் உரையிலே கூறிச் செல்கின்றார். வேம்பைத் தின்றவனின் கைப்பை அருகிலிருப்பவன் நாவால் அறியான். அவன் கைப்புண்டான் என்பதைக் கண்ணாலேயே அறிவான். அதுபோலவே சிங்கத்தைக் கண்டு அஞ்சி ஓடிவருபவனைக் காண்பவனுக்கு அச்சம் பிறப்பதில்லை என்பது அவர் வாதம். அஞ்சியவனைக் கண்டு ஒருவன் நகைக்கலாம்; அல்லது அவன்மேல் இரக்கங் கொள்ளலாம். இவ்விரண்டையும் விட்டால் வேறில்லை. உளவியல் உண்மை என்ற அளவில் இது முழுமையானதன்று. நல்ல பேய்க் கதையைத் தனியே இருந்து இரவிற் படித்த எவரும் மறுப்பர். ஆனால் அறவியல் நோக்கில் இதனினும் கூர்மையான வாக்கியத்தை இப்பொருள் பற்றி நான் கண்டதில்லை. அச்சச் சுவை அச்சத்தோடு நின்றுவிடுவதில்லை. அது நகையாகத் திரிகின்றது, அல்லது இரக்கமாகத் திரிகின்றது. எப்பேய்க் கதை எதுவாகத் திரிகின்றது, எவர்மேல் நகை, எவர்பால் இரக்கம் என்பனவே நாம் கேட்கவேண்டியவை.

இதனைக் காண மணிமேகலையிலுள்ள சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையினும் சிறந்த இடம் தமிழில் இல்லை. சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவன் தனியனாய் ஈமப் புறங்காட்டினுள் செல்கின்றான். அங்கே பெண்ணொருத்தியின் பிணத்தலையைக் கையில் ஏந்திப் பேயொன்று ஆடுகின்றது. சாத்தனார் இவ்விடத்திலே செய்திருப்பது வியப்பூட்டுவது. கூந்தலுக்கு மேகம், கண்ணுக்குக் கயல், பல்லுக்கு முத்து எனக் காதற் பாட்டிலே வழங்கும் ஒப்புமைகளை எல்லாம் அத்தலையின்மீது வரிசையாக நிறுத்தி, அவற்றுள் எதனையும் எண்ணிப் பாராது, இரக்கமுங் கொள்ளாது அப்பேய் கண்ணைத் தோண்டியுண்டு களித்தாடிற்று என்கின்றார். எவளோ ஒருத்தியை எவனோ ஒருவன் அவ்வாறெல்லாம் வருணித்திருப்பான் என்னும் நினைவு ஒருகணம் மின்னி மறைகின்றது. சிறுவன் ஓடிச் சென்று, பேய் தன் உயிரைக் கொண்டதெனத் தாயிடம் கூறி இறந்துவிடுகிறான்.

இவ்விடத்தில் நிறுத்தியிருந்தால் அது சிறந்த திகிற் கதையாகவே இருந்திருக்கும். ஆனால் காப்பியம் பேயைவிட்டுத் தாயைப் பின்தொடர்கின்றது. கோதமை மகனின் உடலைச் சுமந்து நள்ளிரவிலே சம்பாபதித் தெய்வத்தைக் கூவியழைக்கின்றாள். என் உயிரைக் கொண்டு இவனுயிரைத் தா என்கின்றாள். அது இயலாதெனத் தெய்வம் மறுக்கும்பொழுது அவள் விட்டுவிடுவதில்லை. வரந்தரும் தேவரைப் பற்றி நூல்கள் சொல்லுகின்றனவே என்று வாதாடுகிறாள். சக்கரவாளத்துத் தேவர் அனைவரும் அங்கே வரவழைக்கப்படுகின்றனர். போன உயிரை மீட்டுத் தருவார் அவருள் ஒருவரும் இல்லை. சிறுவனைக் கொன்ற பேயினும் இவ்விடத்தில் நிற்கும் தேவர் கூட்டமே எனக்குப் பெரிதும் அச்சந் தருவது. அத்தனை ஆற்றலும் கூடி நின்று, ஒரு தாய்க்குச் செய்ய ஒன்றுமில்லாத காட்சி அது. அச்சம் இங்கே பேராசிரியர் கூறிய இரண்டனுள் இரக்கமாக முற்றிலும் திரிந்துவிட்டது. அதன் வாயிலாகவே இறப்பு மீளமுடியாதது என்னும் உண்மையும் நம்முன் வைக்கப்படுகின்றது. சமயக் கருத்தைச் சொல்லவே சாத்தனார் இக்கதையை அமைத்தார் என்பது உண்மை. கருத்தை ஏற்காதவரும் கோதமையை மறப்பதில்லை.

மற்றத் திசைக்குக் கலிங்கத்துப்பரணி சான்று. சயங்கொண்டாரின் பேய்கள் நகைச்சுவைப் படைப்புக்கள். காளி கோயிலிலே பசியால் வாடி அவை முறையிடுவதும், போர் முடிந்தபின் களத்திலே கூழட்டு உண்பதும் தமிழ்க் கற்பனையின் அரிய விளையாட்டுக்கள் என்பதில் ஐயமில்லை. முதற் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமானின் தலைமையிற் கலிங்கத்தை வென்றதே நூற்பொருள். கூழுக்கு அரிசியாகியது எது, உலைநீராகியது எது என்பதைப் பேய்களின் கலகலப்பிலே வாசகன் மறந்துவிடுகின்றான். அங்கே கொதிப்பது கலிங்க நாட்டு மனிதர். பேய் நகைப்பூட்டுவதாயிருப்பதனால், பிணம் சமையற் பொருளாகிவிடுகின்றது. வென்ற அரசனின் புகழுக்குப் பேய்கள் செய்த தொண்டு இது. நான் அந்நூலை வெறுக்கவில்லை. அதன் சந்த வேகத்திலே மயங்காதவர் அரியர். மயக்கத்தின் விலையை யார் கொடுத்தார் என்பதை அறிந்து மயங்குவது நன்று.

நகை எல்லாமே இத்தகையதன்று என்பதையும் இடையிற் சொல்லியாக வேண்டும். தென்னிலங்கைச் சிங்கள மக்களின் தொவில் சடங்கிலே நோயாளியை வருத்திய யக்குமார் இரவு முதிர்ந்தபின் கேலிப் பொருளாக்கப்படுகின்றனர். அச்சடங்குகளை ஆராய்ந்து புரூஸ் கப்ஃபரர் 1983இல் எழுதிய நூல், இந்நகைச்சுவையே பேயின் ஆதிக்கத்தை உடைத்து நோயாளியை மீண்டும் சுற்றத்தாரின் உலகுக்குள் கொண்டுவருகின்றது எனக் காட்டுகின்றது. அங்கே நகைக்கப்படுவது அச்சுறுத்தியது, அஞ்சியவர் அல்லர்.

நம்மிடையே வழங்கும் பேய்க் கதைகளுள் மிகப் பழையனவற்றில் ஒன்றான பழையனூர் நீலி கதை இதனினும் சிக்கலானது. அதன் வடிவங்கள் பல. பொதுவாகச் சொல்லப்படுவது வருமாறு: முற்பிறப்பிலே கணவனாற் கொல்லப்பட்ட பெண் பேயாகி, வணிகனாய் மறுபிறப்பெடுத்த அவனை, அவனுடைய மனைவியின் உருவிலே பின்தொடர்கின்றாள். கள்ளிக் கொம்பொன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வேளாளர் எழுபதின்மரின் அவையிலே கண்ணீர்விட்டு வழக்குரைக்கின்றாள். அவன் உயிருக்குத் தாம் பொறுப்பென வாக்களித்து அவர்கள் அவனை அவளுடன் அனுப்புகின்றனர். இரவிலே அவன் கொல்லப்படுகின்றான். வாக்குத் தவறாத எழுபதின்மரும் தீப்புகுகின்றனர். வேளாளரின் வாய்மையைப் போற்றவே இக்கதை வழிவழி சொல்லப்பட்டு வந்தது. நம் மொழியோ நீலிக்கண்ணீர் என்னும் தொடரைக் காத்து வைத்திருக்கிறது. பொய்யழுகைக்கு அதுவே பெயர். கதையின்படி அவள் கொல்லப்பட்டது பொய்யன்று. கொலையை முறையிட வேறொரு மன்றம் அவளுக்கு இருந்ததாகவும் கதை சொல்லவில்லை. வஞ்சனையால் மாத்திரமே வழக்கை வெல்ல முடிந்த ஒருத்தியின் கண்ணீரை, வஞ்சனைக்கே உவமையாக்கிவிட்டோம். இக்கதையைக் கேட்டு அஞ்சியோர் எத்தனை தலைமுறையினர்! அவ்வச்சம் அவள்பால் இரக்கமாகத் திரிவதற்கு மொழியே வழியடைத்து நின்றது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். கதைகளால் ஊட்டப்பட்ட அச்சமே வாழ்க்கையில் உயிருள்ள மனிதரைப் பேயெனக் கருதித் துன்புறுத்தத் தூண்டுகின்றது. ஆகவே அக்கதைகள் அனைத்தையும் விலக்குவதே அறிவுடைமை என்பதே அது. மறுப்பு வலியது. இந்நாட்டு அனுபவமும் அதற்குத் துணை நிற்கும். யாழ்ப்பாணத்திலும் பின்னர் அம்பாந்தோட்டையிலும் குடியேற்ற ஆட்சி அலுவலராயிருந்த லெனாட் வூல்ப், காட்டுக் கிராமமொன்றைப் பற்றி எழுதி 1913இல் வெளியிட்ட நாவலிலே, ஹின்னிஹாமி என்னும் பெண்ணை விரும்பிய மருத்துவன் ஒருவன் பேயின் பெயராலேயே அவள் குடும்பத்தைப் பணிய வைக்கின்றான். அவள் அவனைவிட்டு நீங்கியதும், ஊருக்கு வந்த கேடெல்லாம் அவளாலும், அவள் பிள்ளைபோல் வளர்த்த மானாலும் வந்தவை என்னும் எண்ணத்தை ஊராரிடையே பரப்புகின்றான். ஊரார் மானைக் கல்லாலெறிந்து கொல்கின்றனர், அவளும் இறந்துபோகின்றாள். அபிநவகுப்தர் காட்டிய மானும் இந்த மானும் வெவ்வேறு உலகினவெனினும், அச்சமென்பது என்ன என்று சிந்திப்போர் இரண்டையும் ஒருசேர நினைப்பது தகும்.

ஆனால் கவனிக்க: அவ்வூராருக்குப் பேய் கதையன்று. அது நாளாந்த உண்மை. ஊரில் வலிமையுள்ளவன் கையிலிருக்கும் கருவி. வூல்பின் நாவலைப் படிக்கும் நமக்கு அந்தக் காடும் இருளும் அச்சந் தருகின்றன. அவ்வச்சம் ஹின்னிஹாமியின் பக்கத்திலே நின்று நாம் அஞ்சுவது. அதே பேய் ஊராரைக் கல்லெடுக்கச் செய்கின்றது. வாசகரைக் கல்லெறிபட்டவளோடு சேர்த்துவிடுகின்றது. நம்பிக்கை செய்யாததைப் புனைவு செய்கின்றது. அதனால் எல்லாப் புனைவும் இதனைச் செய்யும் என்பதில்லை. பிராம் ஸ்ரோக்கர் 1897இல் வெளியிட்ட டிரகுலாவைப் படிக்கும்போது, இலண்டனுக்குக் கிழக்கிலிருந்து வந்திறங்கும் அந்நியன்பால் அக்கால ஆங்கிலேயர் கொண்டிருந்த வெருட்சியும் கூடவே நம்முள் நுழைகின்றது. கதை திறமையானது, திறமையே இங்கு எச்சரிக்கைக்குரியது.

சிறுவரைப் பற்றிய வினாவும் இதனோடு தொடர்புடையதே. இரவில் மாறுவேடத்தில் திரியும் தெய்வங்களைப் பற்றிக் கூறித் தாய்மார் பிள்ளைகளை அச்சுறுத்தலாகாது என்று பிளேட்டோ தம் குடியரசு நூலிலே விதித்தார். வேலைக்காரர் சொல்லும் இருட்டுப் பூதக் கதைகள் பிள்ளையின் மனத்தில் ஆழப் பதிந்து வாழ்நாள் முழுவதும் நீங்கா என்று ஜோன் லொக் 1693இல் எச்சரித்தார். இவர்களுக்குச் சார்ள்ஸ் லாம் 1821இல் எழுதிய கட்டுரையொன்று தக்க விடையாகும். வேதாகம வரலாற்று நூலொன்றிலிருந்த சூனியக்காரியின் படம் தம் குழந்தைப் பருவ இரவுகளை எவ்வாறு நடுக்கத்தால் நிரப்பிற்று என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் பேயென்னும் சொல்லையே கேளாவண்ணம் மிகக் கவனமாக வளர்க்கப்பட்ட நண்பரின் மகனும் அதே நடுக்கங்களைத் தன்னுள்ளிருந்தே கண்டெடுத்தான் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். கதை அச்சத்தைப் படைப்பதில்லை. முன்னரே உள்ள அச்சத்துக்கு உருவந் தருகின்றது. உருவுள்ளதை எதிர்கொள்ளலாம், கதை முடிந்ததும் விளக்கையும் ஏற்றலாம்.

இவ்விடத்தில் நம் வீடுகளிற் பெரியோர் பிள்ளைகளுக்குச் செய்வதைப் பிரித்தறிய வேண்டும். சோறுண்ணாத பிள்ளையிடம், முனி வருகிறது, கொத்தி வருகிறது என்று அச்சுறுத்துவது கதை சொல்லுதலன்று. அது கட்டளை, பேயை ஏவலாளாக வைத்துச் செய்யும் அதிகாரம். அஞ்சுபவன் ஒருவன், அச்சத்தாற் பயன்பெறுபவர் வேறொருவர். தொல்காப்பியர் அணங்கையும் இறையையும் அடுத்தடுத்து வைத்தமை இங்கே மீண்டும் நினைவுக்கு வருகின்றது. முற்றத்திலே பாட்டி கதை சொல்லும்பொழுதோ அவளும் உடன் அஞ்சுகின்றாள், அல்லது அஞ்சுவதுபோல் நடிக்கின்றாள். பிள்ளை அவள் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு, பிறகென்ன நடந்தது என்று கேட்கின்றது. கேட்கும் உரிமையும், போதும் நிறுத்து என்று சொல்லும் உரிமையும் அதற்கு உண்டு.

வளர்ந்தோருக்கான கதைகளிலே பேய் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்யாமல் விடுவதையே உயர்ந்த கலையெனக் கொள்ளும் போக்கும் உண்டு. அத்தயக்கமே இவ்விலக்கிய வகையின் உயிர்நிலை என ரொடொரோவ் 1970இல் வகுத்துரைத்தார். ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய குறுநாவலும் தமிழிலே புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யும் அதற்கு எடுத்துக்காட்டுக்கள். கலைநயத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் இத்தயக்கத்திலே வாசகனின் கருத்து முழுவதும், நான் கண்டது மெய்யா பொய்யா என்று தன்னைச் சுற்றியே சுழல்கின்றது. வந்தது யார், ஏன் வந்தது என்று கேட்க நேரமிருப்பதில்லை. ரொனி மொறிசன் 1987இல் வெளியிட்ட 'பிலவ்ட்' நாவலிலே வீட்டுக்கு வரும் இறந்த மகளைப் பற்றி அத்தகைய தயக்கம் நெடிது நீடிப்பதில்லை. அமெரிக்க அடிமை முறையினின்று தப்பியோடி, மீண்டும் பிடிபடுவதற்கு அஞ்சி 1856இல் தன் குழந்தையைக் கொன்ற மார்கிரெட் கார்னர் என்னும் தாயின் வரலாறு அதன் வித்து. அங்கே பேயை நம்புவதா என்பது சிறிய வினா. அவ்வீட்டில் நடந்ததை நம்ப முடிகிறதா என்பதே பெரிய வினா.

நம் நாட்டிலிருந்து அண்மையில் உலக வாசகரிடம் சென்ற நூலொன்றும் பேய்க் கதையே. ஷெஹான் கருணாதிலகவின் 'மாலி அல்மெய்தாவின் ஏழு நிலவுகள்' 2022ஆம் ஆண்டின் புக்கர் பரிசைப் பெற்றது. 1990ஆம் ஆண்டுக் கொழும்பிலே கொலையுண்டு, பேரை வாவியில் எறியப்பட்ட புகைப்படக் கலைஞனின் ஆவியே அதன் நாயகன். 1983ஆம் ஆண்டு வன்செயலின் படங்களும் அவன் மறைத்துவைத்தவற்றுள் அடங்கும். அவற்றை உயிருள்ளோர் கையிற் சேர்க்க அவனுக்கு ஏழு இரவுகளே உள்ளன. மறுவுலகம் நமது அரசாங்கக் கந்தோரைப் போலவே வரிசைகளும் கூச்சலுமாய் இருக்கக் கண்டு நாம் வாய்விட்டு நகைக்கிறோம். பரணியின் பேய்களைப் போல இப்பேய்களும் கூட்டமாகப் புலம்புகின்றன. வேறுபாடு, இங்கே ஒவ்வொன்றும் தன்னைக் கொன்றது யாரென்று கேட்கின்றது. அவ்வரிசையை ஒழுங்குபடுத்த முயல்வோருள் கொலையுண்ட தமிழ் விரிவுரையாளர் ஒருவரும் இருக்கின்றார். அவரைப் படிக்கும் எவருக்கும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே உடற்கூற்றியல் கற்பித்து, 1989ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி வீடு திரும்பும் வழியிற் சுடப்பட்ட ராஜினி திராணகமவின் நினைவு வராமற் போகாது. அப்பக்கங்களிலும் நகைச்சுவை தொடர்ந்துகொண்டுதான் இருக்கின்றது. நகைத்தவாறே வாசித்துவந்தவர் அவ்விடத்திற் சிறிது நேரம் நூலை மூடிவைக்கின்றார்.